டோப் செய்த உலோகப் படிகத்தை உச்சக் காந்தப்புலத்தில் அளப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சீரியம், ரோடியம், இண்டியம் மூன்றும் 1-1-5 என்ற விகிதத்தில் சேர்ந்த உலோகப் படிகம் ஒன்று உண்டு. துறையில் இந்தக் குடும்பத்துக்கே ‘115’ என்றுதான் பெயர். அதில் சீரியத்தின் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக லாந்தனத்தைப் புகுத்தி (இதைத்தான் டோப் செய்வது, டோப்பிங் என்கிறோம்), 10 முதல் 60 டெஸ்லா வரையிலான புலத்தில் அதன் காந்தமாக்கம் எப்படி அலைகிறது என்று அளப்பதுதான் இங்கே வேலை. டி ஹாஸ்–வான் ஆல்ஃபன் அலைவுகள் என்று இதைச் சொல்வார்கள். அலைவு புலத்தின் தலைகீழியில் (1/புலம்) சீரான இடைவெளியில் வருவதால் அதிர்வெண்ணுக்கும் அலகு டெஸ்லாதான். அந்த அதிர்வெண் ஃபெர்மி பரப்பின் (உந்த வெளியில் எலக்ட்ரான்கள் நிரம்பிய பகுதியின் எல்லை) குறுக்கு வெட்டுப் பரப்பைத் தரும். வெப்பநிலையோடு வீச்சு தேய்வதிலிருந்து எலக்ட்ரானின் பயனுறு நிறை, அதாவது படிகத்துக்குள் அது காட்டும் நிறை, கிடைக்கும்.

இந்தத் தொடரை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. சீரியத்தில் ஒரு 4எஃப் எலக்ட்ரான், லாந்தனத்தில் ஒன்றுமில்லை. இரண்டும் மூன்று இணைதிறன் எலக்ட்ரான்களைத் தருகின்றன. ஆகவே மின்சாரம் கடத்தும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை மாறாமல், காந்தத்தன்மையை மட்டும் நீர்க்க வைக்க முடிகிறது. தூய சீரியப் படிகம் 3.8 கெல்வினுக்குக் கீழே எதிர்ஃபெரோகாந்தமாக (அணுக் காந்தங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்யும்படி) ஒழுங்குபடும். சுமார் 40 சதவீதம் லாந்தனம் சேர்ந்ததும் அந்த ஒழுங்கு போய்விடும். தொடர் முழுக்க 4எஃப் எலக்ட்ரான்கள் அயனியிலேயே கட்டுண்டு கிடக்கின்றன, சீரியம் கூடக்கூட நிறை மட்டும் ஏறுகிறது என்பது ஏற்கெனவே அளந்து நிறுவப்பட்ட விஷயம். எனவே உங்கள் விடை சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடையாளக் கல் இருக்கிறது. புதிதாகக் கற்பவருக்கு இது பெரிய வசதி.

புதியவர்கள் பெரும்பாலும் காந்தத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். உண்மையில் தடுமாற்றம் வருவது வேறோர் இடத்தில்: டோப்பிங்கால் வந்த மாற்றம் எது, படிகக் கோளாறால் வந்தது எது, வெப்பநிலைப் பிழையால் வந்தது எது என்று பிரிக்க முடியாமல் போவதில். கீழே உள்ள படிகளின் வரிசை முழுவதும் அந்தப் பிரிப்புக்காகத்தான்.

1. அலைவு தெரியுமா என்று காகிதத்தில் கணக்குப் போடுங்கள்

காந்த நேரம் கேட்டு விண்ணப்பம் எழுதும் முன்பே இதைச் செய்ய வேண்டும். இரண்டு தேய்மானக் காரணிகள் போதும்.

முதலாவது வெப்பக் காரணி. 14.69-ஐ பயனுறு நிறையால் (தனி எலக்ட்ரான் நிறையின் மடங்காக) பெருக்கி, கெல்வினில் வெப்பநிலையால் பெருக்கி, டெஸ்லாவில் புலத்தால் வகுங்கள். வரும் எண்ணை அதன் ஹைபர்பாலிக் சைனால் வகுத்தால் காரணி கிடைக்கும். இரண்டாவது டிங்கிள் காரணி. இதில் வெப்பநிலைக்குப் பதில் டிங்கிள் வெப்பநிலையைப் போட்டு, வரும் எண்ணுக்கு எதிர்க்குறி இட்டு, இ-யின் அடுக்காக வைக்க வேண்டும். டிங்கிள் வெப்பநிலை என்பது எலக்ட்ரான் எவ்வளவு சீக்கிரம் மோதிச் சிதறுகிறது என்பதன் அளவு. 1 கெல்வின் என்றால் மோதல் இடைவெளி சுமார் 1.2 பைகோநொடி.

தூய சீரியப் படிகத்தின் முக்கியமான வட்டப்பாதை ஒன்றின் அதிர்வெண் சுமார் 6 கிலோடெஸ்லா, நிறை சுமார் 6. டிங்கிள் வெப்பநிலை 1 கெல்வின் என்று வைத்துக்கொண்டால், 20 டெஸ்லாவில் டிங்கிள் காரணி 0.012. அதாவது அலைவின் வீச்சு ஒரு சதவீத அளவுக்குச் சுருங்கிவிடும். 60 டெஸ்லாவில் அதே காரணி 0.23. உச்சப் புலம் தேவைப்படுவதன் முழுக் காரணமும் இந்த இரண்டு எண்களில் இருக்கிறது. புலம் கூடினால் எலக்ட்ரானின் வட்டப்பாதை சிறுக்கும். மோதுவதற்குள் ஒரு சுற்றை முடிக்கும் வாய்ப்பு கூடும். டோப் செய்த படிகத்தில் மோதல் அதிகம் என்பதால், தூய படிகத்துக்குப் போதுமான 15 டெஸ்லா இங்கே போதாது.

சிதறலுக்கு மிகையான நம்பிக்கையில் ஓர் எண்ணை எடுத்துக்கொள்வது வழக்கமான பிழை. எஞ்சிய மின்தடை எண்ணை அளந்து, அதிலிருந்து மதிப்பிடுங்கள்.

2. தொடரின் இரு முனைகளையும் சேர்த்தே வளருங்கள்

முழுச் சீரியம், முழு லாந்தனம், நடுவில் உங்களுக்கு வேண்டிய கலவைகள். இவை எல்லாம் ஒரே உலோகக் கட்டிகளிலிருந்து, ஒரே உலை அட்டவணையில் வளர வேண்டும். நடுக் கலவையை மட்டும் வளர்த்து, முனைகளுக்கு வேறு ஆய்வகத்தின் எண்களை எடுத்துக்கொண்டால், வித்தியாசம் டோப்பிங்கால் வந்ததா, மூலப்பொருளின் தூய்மையால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

வளர்ப்பு முறை இண்டியம் ஃபிளக்ஸ், அதாவது உருகிய இண்டியத்தைக் கரைப்பானாக வைத்து அதிலிருந்து படிகம் வளர்ப்பது. அரிய மண் உலோகம் 1, ரோடியம் 1, இண்டியம் 20 என்ற அணு விகிதத்தில் அலுமினா மூசையில் இட்டு, மேலே குவார்ட்ஸ் பஞ்சு வைத்து, கொஞ்சம் ஆர்கானோடு குவார்ட்ஸ் குழாயில் அடைக்க வேண்டும். 1100 டிகிரி செல்சியஸுக்கு ஏற்றிச் சில மணி நேரம் வைத்து, மணிக்குச் சில டிகிரி வீதம் மெதுவாக இறக்கி, 600–700 டிகிரியில் குழாயை எடுத்துச் சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் மிகை இண்டியம் பஞ்சு வழியே வடிந்துவிடும்.

சீரியமும் லாந்தனமும் காற்றில் சீக்கிரம் ஆக்ஸைடாகும். ஆர்கான் பெட்டிக்குள் வைத்து மேற்தோலைச் சுரண்டிய பின்தான் எடை போட வேண்டும். ஆக்ஸைடோடு எடை போட்டால் கலவை விகிதம் தொடக்கத்திலேயே கோணலாகிவிடும். முக்கியமான இன்னொன்று: சீரியமும் லாந்தனமும் தனித்தனியாகக் கரைவதற்கு முன்பே இரண்டையும் வில் உலையில் சேர்த்து உருக்கி, ஒரே கட்டியாக்கிவிட்டு மூசையில் போடுங்கள். அப்படிச் செய்தால் கலவை சீராக அமையும் வாய்ப்பு கூடுகிறது.

3. கையில் உள்ள அந்தத் துண்டில் எவ்வளவு லாந்தனம் என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். தாவிச் செல்வோரும் இங்கேதான் அதிகம்.

மூசையில் 20 சதவீதம் லாந்தனம் போட்டால் படிகத்தில் 20 சதவீதம் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. உருகிய நிலையிலிருந்து படிகம் எந்த உலோகத்தை விரும்பி எடுக்கிறதோ அதற்கேற்ப விகிதம் மாறும். ஒரே மூசையில் முதலில் உருவான படிகமும் கடைசியில் உருவானதும்கூட வேறுபடலாம். ஆகவே “இந்தத் தொகுதி 20 சதவீதம்” என்ற பேச்சே வேண்டாம். இந்தத் துண்டு எவ்வளவு என்பதுதான் கேள்வி.

பலர் உடனே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆற்றல் பிரிப்பு எக்ஸ்-கதிர் அளவீட்டுக்குப் போகிறார்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. லாந்தனத்தின் முக்கிய எல் கோடு 4.65 கிலோஎலக்ட்ரான்வோல்ட், சீரியத்தினுடையது 4.84. லாந்தனத்தின் அடுத்த கோடு 5.04-ல் வந்து சீரியத்தின் கோட்டுக்கு மறுபக்கம் நிற்கும். இந்தக் கருவியின் பிரிதிறன் சுமார் 130 எலக்ட்ரான்வோல்ட்தான் என்பதால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். மென்பொருள் எப்படியும் ஓர் எண்ணைக் கொடுத்துவிடும். குறைந்த லாந்தனப் பங்கில் அந்த எண்ணை நம்ப முடியாது. அலைநீளப் பிரிப்பு முறையில் கோடுகள் தெளிவாகப் பிரியும். அதில் ஒரே துண்டின் முகத்தில் பல புள்ளிகளில் அளந்து, சராசரியோடு பரவலையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், இரண்டாவது சாட்சியாக காந்த ஏற்புத்திறன். மூன்று நேர்மின் சீரியம் ஒவ்வொன்றும் 2.54 போர் மேக்னட்டான் (அணுக் காந்தத்தின் அலகு) கொண்ட காந்தத் திருப்புத்திறனைத் தரும், லாந்தனம் தராது. உயர் வெப்பநிலை கியூரி–வைஸ் நேர்கோட்டின் சாய்விலிருந்து சீரியத்தின் பங்கு நேரடியாக வரும். 40 சதவீதத்துக்குக் குறைவான லாந்தனம் என்றால், ஒழுங்குபடும் வெப்பநிலை மூன்றாவது சாட்சி. மூன்றும் ஒத்துப்போகும்வரை மேலே போக வேண்டாம்.

பரவல் ஏன் முக்கியம் என்று ஒரு கணக்கு. 6 கிலோடெஸ்லா அதிர்வெண் 20 டெஸ்லாவில் 300-ஆவது சுற்றில் இருக்கும். தொடரின் இரு முனைகளின் அதிர்வெண் 2 சதவீதம் வேறுபடுகிறது என்று வைத்துக்கொள்வோம். துண்டுக்குள் லாந்தனப் பங்கு 5 புள்ளி அளவுக்குப் பரவியிருந்தால் அதிர்வெண் ஆயிரத்தில் ஒரு பங்கு பரவும். 300 சுற்றில் ஆயிரத்தில் ஒன்று என்பது 0.3 சுற்று. துண்டின் ஒரு பகுதி மேலே போகும்போது இன்னொரு பகுதி கீழே வரும், வீச்சு கலைந்துவிடும். பார்ப்பவருக்கு அது மோதல் அதிகமானதுபோலத் தோன்றும். மோதலே இல்லாமல் டிங்கிள் வெப்பநிலை ஏறிப்போனதாகக் கணக்கு வரும்.

4. ஒட்டிய இண்டியத்தைக் களைந்து, திசை பார்த்து, வெட்டுங்கள்

இந்த வரிசையை மாற்ற வேண்டாம். முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மேற்பரப்பு இண்டியத்தைக் கரையுங்கள். அதிக நேரம் விட்டால் படிகத்தையே அரிக்கும், எனவே இடையிடையே எடுத்துப் பாருங்கள். இண்டியம் மிச்சம் இருக்கிறதா என்று அறிய எளிய வழி: 1 மில்லிடெஸ்லா புலத்தில் காந்தமாக்கத்தை அளந்தால், 3.4 கெல்வினில் மீக்கடத்தும் இண்டியம் ஒரு சறுக்கலாகத் தெரியும். மேற்பரப்பு சுத்தமாக இருந்தும் சறுக்கல் இருந்தால் இண்டியம் படிகத்துக்குள்ளேயே சிறைப்பட்டிருக்கிறது. அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள். உயர் புலத்தில் இண்டியத்தின் மீக்கடத்தல் போய்விடும் என்பது சரிதான். ஆனால் அதற்கும் சொந்த அலைவுகள் உண்டு, உங்கள் அதிர்வெண் வரிசையில் அழையா விருந்தாளியாக வந்து நிற்கும்.

பிறகு லாவே எக்ஸ்-கதிர்ப் படத்தில் அச்சுகளைக் குறியுங்கள். நாற்கோணப் படிகம், அடிப்பக்கம் 4.65 ஆங்ஸ்ட்ராம், உயரம் 7.54. தட்டுபோல வளர்வதால் செங்குத்து அச்சு கண்ணுக்கே தெரியும். ஆனால் அடித்தள அச்சுகளுக்குப் படம் கட்டாயம் தேவை.

வெட்டுவதற்குக் கம்பி அறுவையோ மின்பொறி அரிப்போ பயன்படுத்துங்கள். பிளேடால் அழுத்தி உடைக்கக் கூடாது. இந்தப் படிகங்கள் மென்மையானவை. அழுத்திய இடத்தில் சிதைவு பரவி, அதுவும் டிங்கிள் வெப்பநிலையில் போய்ச் சேரும்.

5. முறையையும் காந்தத்தையும் ஒன்றாகத் தேர்ந்தெடுங்கள்

நிலையான புலம் என்றால் ஃபுளோரிடாவின் டல்லஹாசியில் 45 டெஸ்லா ஹைபிரிட் காந்தம் இருக்கிறது. ஐரோப்பாவில் கிரெனோபிளும் நைமேகனும் உண்டு. துடிப்புப் புலத்துக்கு லாஸ் அலமோஸ், துலூஸ், டிரெஸ்டன். லாஸ் அலமோஸில் 60–65 டெஸ்லா துடிப்புகள் அன்றாட வேலை. விண்ணப்பம் தேர்வானால் இவை பொதுவாகப் பயனரிடம் கட்டணம் கேட்பதில்லை.

நிலையான புலத்தில் திருப்பு விசை (புலம் படிகத்தைத் திருப்ப முயலும் விசை) அளவீடு நல்லது. ஒரு முனை மட்டும் பொருத்தப்பட்ட சிறு தகடான கான்டிலீவரின் நுனியில் படிகத்தை ஒட்டி, அது எவ்வளவு வளைகிறது என்று பார்க்கிறோம். பீசோ மின்தடைக் கான்டிலீவர் என்றால் துண்டு 100 மைக்ரோமீட்டருக்குள் இருக்க வேண்டும். மில்லிமீட்டர் அளவுத் துண்டுக்கு பெரிலியம்-செம்புத் தகட்டில் செய்த மின்தேக்கிக் கான்டிலீவர் பொருந்தும். துடிப்புப் புலத்தில் எதிரெதிராகச் சுற்றிய ஏற்புச் சுருள் வழக்கம். துண்டு உள்ளே இருக்கும்போது ஒரு துடிப்பு, வெளியே எடுத்துவிட்டு ஒரு துடிப்பு, இரண்டின் வித்தியாசம்தான் சமிக்ஞை.

துடிப்பில் ஒரு நுட்பம் கவனிக்க வேண்டும். புலம் சுமார் 10 மில்லிநொடியில் உச்சத்துக்குப் போகிறது. அந்த வேகத்தில் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் எழுந்து துண்டைச் சூடாக்கும். ஒரு கன அளவுக்கான வெப்பம் புல வேகத்தின் இருமடிக்கும் துண்டின் குறுக்களவின் இருமடிக்கும் நேர் விகிதத்தில், மின்தடை எண்ணுக்கு எதிர் விகிதத்தில் இருக்கும். இதன் விளைவைப் பலர் யோசிப்பதில்லை: மின்தடை குறைந்த முழு லாந்தனப் படிகம், டோப் செய்த படிகத்தைவிட அதிகம் சூடாகும். ஒரே அளவுத் துண்டுகளை ஒரே துடிப்பில் ஒப்பிட்டால், இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருப்பதாகப் பாவித்துத் தவறான நிறை வரும். முனைப் படிகத்தை மெல்லியதாக வெட்டுவதுதான் வழி.

6. அச்சிலிருந்து சற்றே சாய்த்து ஒட்டுங்கள்

புலம் சரியாகச் சமச்சீர் அச்சில் இருந்தால் திருப்பு விசை அலைவு பூஜ்யம். காரணம், கோணத்தோடு அதிர்வெண் மாறும் வீதம்தான் திருப்பு விசையைத் தருகிறது, சமச்சீர் அச்சில் அந்த வீதம் பூஜ்யம். அழகாக அச்சில் பொருத்திவிட்டு “அலைவே இல்லை, படிகம் மோசம்” என்று முடிவு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். 5 முதல் 10 டிகிரி சாய்த்துத் தொடங்குங்கள். உருளை வடிவ ஃபெர்மி பரப்பு என்றால், சாய்வுக் கோணத்தின் கொசைனால் வகுத்தபடி அதிர்வெண் ஏறும். உங்கள் கோண அளவுகோலைச் சரிபார்க்கவும் அது உதவும்.

ஒட்டுவதற்கு மிகக் கொஞ்சம் வேக்குவம் கிரீஸ் போதும். கெட்டியான பிசின் குளிரில் வேறு அளவில் சுருங்கி, மெல்லிய துண்டை இழுத்து வளைத்துவிடும்.

சமிக்ஞை மிகப் பெரிதாக இருந்தாலும் ஆபத்துதான். கான்டிலீவர் வளையும்போது படிகத்தின் கோணமே மாறுகிறது, அதனால் அலைவின் வடிவம் சாய்ந்து, பொய்யான இரட்டை அதிர்வெண் தோன்றும். கொள்கைப்படி வர வேண்டியதைவிட இரண்டாம் மடங்கு பெரிதாகத் தெரிந்தால் துண்டைச் சிறியதாக்குங்கள்.

7. வெப்பநிலைப் பட்டியலை நிறைக்கேற்ப அமையுங்கள்

எல்லாத் துண்டுகளுக்கும் ஒரே வெப்பநிலைப் பட்டியலை ஓட்டுவது மிகப் பரவலான பிழை. நிறை 6, புலம் 20 டெஸ்லா என்றால் வெப்பக் காரணி 0.4 கெல்வினில் 0.62, 1 கெல்வினில் 0.11, 2 கெல்வினில் 0.003-க்கும் கீழே. அதாவது தகவல் முழுவதும் 1.2 கெல்வினுக்குள் அடங்கிவிட்டது. அதற்குள் நெருக்கமாகப் புள்ளிகள் வேண்டும். முழு லாந்தனப் படிகத்தில் நிறை தனி எலக்ட்ரானின் நிறையை ஒட்டியே இருப்பதால், 2 கெல்வின் வரை வீச்சு மூன்றில் ஒரு பங்குகூடக் குறையாது. அங்கே 10 கெல்வின் வரை போனால்தான் வளைவு முழுவதும் தெரியும்.

வெப்பமானி காட்டுவதும் துண்டின் வெப்பநிலையும் ஒன்றுதானா என்பது அடுத்த கேள்வி. மூன்று சோதனைகள் செய்யுங்கள். கான்டிலீவரின் மின்னோட்டத்தைப் பாதியாக்கி வீச்சு மாறுகிறதா பாருங்கள். புலத்தை இருமடங்கு மெதுவாக ஏற்றிப் பாருங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் வீச்சு ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். துண்டு வெப்பமானியைவிடச் சூடாக இருந்தால், வீச்சு வளைவு குளிர் முனையில் தட்டையாகிவிடும், கணக்கில் நிறை குறைவாக வரும். கன எலக்ட்ரான் பொருளில் (எலக்ட்ரானின் பயனுறு நிறை பெரிதாக உள்ள பொருளில்) நிறை குறைந்ததாகக் காண்பது சுவாரஸ்யமான கண்டுபிடிப்புபோலத் தோன்றும். முதலில் சூட்டைச் சந்தேகியுங்கள்.

வெப்பமானியின் மின்தடையும் புலத்தில் மாறும். பூஜ்யப் புலத்தில் வெப்பநிலையை நிலைநிறுத்தி, ஹீலியத்தின் ஆவியழுத்தத்தைக் கட்டுப்படுத்தியபடியே புலத்தை ஏற்றுவது பாதுகாப்பு.

திரவ ஹீலியம் காந்தத்தால் விலக்கப்படும் பொருள் என்பதையும் மறக்க வேண்டாம். சுமார் 20 டெஸ்லாவுக்கு மேல், புலம் செங்குத்தாக மாறும் வீதம் போதிய அளவு இருந்தால், ஈர்ப்பையே அது சமன் செய்துவிடும். அப்போது ஆவிக்குமிழி மேலே எழும்பாமல் துண்டைச் சுற்றியே தங்கும். துண்டு குளிர்ச்சி கிடைக்காமல் சூடாகும், வெளியே உள்ள வெப்பமானிக்கு அது தெரியாது. 2.17 கெல்வினுக்குக் கீழே ஹீலியம்-4 மீப்பாய்மமாகிவிடுவதால் குமிழியே எழாது. எனவே 2.2 முதல் 4.2 கெல்வின் வரையிலான புள்ளிகளைத் திரவத்தில் எடுக்காமல் வாயுவில் எடுப்பது நல்லது.

8. புலத்தை ஏற்றும் வேகத்தை அலைவுக்குப் பொருத்துங்கள்

அடுத்தடுத்த இரண்டு முகடுகளுக்கு இடையிலான புல இடைவெளி, புலத்தின் இருமடியை அதிர்வெண்ணால் வகுத்தது. 6 கிலோடெஸ்லாவுக்கு அது 10 டெஸ்லாவில் 17 மில்லிடெஸ்லா, 30 டெஸ்லாவில் 150 மில்லிடெஸ்லா.

நிமிடத்துக்கு 0.3 டெஸ்லா வேகத்தில் 10 டெஸ்லாவைக் கடக்கும்போது ஒரு அலைவுக்குச் சுமார் 3.3 நொடி. லாக்-இன் பெருக்கியின் (இரைச்சலிலிருந்து சிறு சமிக்ஞையைப் பிரிக்கும் கருவியின்) நேர மாறிலி 0.3 நொடி என்றால் 13 சதவீத வீச்சு குறையும். 3 நொடி என்று வைத்தால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சும். உயர் புலத்தில் அலைவு அகலமாகிவிடுவதால் அங்கே இழப்பு குறைவு. ஆக, குறைந்த புலத்தில் மட்டும் வீச்சு செத்துப்போய், மோதல் அதிகம் என்பதுபோல ஒரு பொய்த் தோற்றம் உண்டாகும். இரைச்சலைக் குறைக்க நேர மாறிலியைக் கூட்டுவது கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது. அதை விட்டுவிட்டு வேகத்தைக் குறையுங்கள்.

ஓட்டங்களின் வரிசை: மிகக் குறைந்த வெப்பநிலையில் தொடங்கி, கோணத்தைத் தொடாமல் எல்லா வெப்பநிலைகளையும் முடித்து, கடைசியில் முதல் ஓட்டத்தைத் திரும்ப ஒருமுறை எடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் துண்டு நகரவில்லை என்று அர்த்தம். கோணத்தை மாற்றுவது அதற்குப் பிறகு.

துடிப்புப் புலத்தில் இறங்கும் பகுதியையே கணக்குக்கு எடுங்கள். அங்கே வேகம் குறைவு, சூடும் குறைவு.

9. புல ஜன்னலை முடிவு செய்த பின்பே ஃபூரியே மாற்றம்

தரவு கிடைத்ததும் முழுப் புல வரம்பையும் ஃபூரியே மாற்றத்தில் (அலைவுகளை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கில்) போட்டுவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். முதலில் பின்னணியைப் பாருங்கள். சீரியத் திருப்புத்திறன்களின் பங்கு பெரிய, வளைந்த பின்னணியாக இருக்கும். அதில் முறிவுகள் எங்கே என்று குறியுங்கள். தூய சீரியப் படிகத்தில் அடித்தளத் திசையில் சுமார் 2 டெஸ்லாவில் ஒரு தாவல் உண்டு. சுமார் 30 டெஸ்லாவில் மின்னணு நிலை மாறுகிறது, ஃபெர்மி பரப்பும் அங்கே மாறுவதாக அளவீடுகள் சொல்கின்றன. சுமார் 50 டெஸ்லாவில் எதிர்ஃபெரோகாந்த ஒழுங்கே மறைகிறது. 20 முதல் 55 வரை ஒரே ஜன்னலாக எடுத்தால் மூன்று வேறு நிலைகளைக் கலந்து ஒரு நிறமாலை கிடைக்கும். அதில் தெரியும் முகடு எந்த நிலைக்கும் சொந்தமானதல்ல. டோப் செய்த துண்டில் இந்த எல்லைகள் எங்கே நகர்ந்திருக்கின்றன என்று அதே தரவிலிருந்து முதலில் கண்டுபிடியுங்கள்.

சரி, ஜன்னல் முடிவானது. இனி தரவைப் புலத்தின் தலைகீழியில் சம இடைவெளியாக மாற்றி, தாழ்ந்த படிப் பல்லுறுப்புக் கோவையால் பின்னணியைக் கழித்து, ஓரங்களை மெல்லத் தணிக்கும் ஒரு சாளரச் சார்பைப் போட்டு மாற்றம் எடுக்கலாம். உயர்ந்த படிக் கோவை எடுத்தால் தாழ்ந்த அதிர்வெண்களையும் சேர்த்துத் தின்றுவிடும். ஜன்னலின் இரு முனைத் தலைகீழிகளின் வித்தியாசத்தால் 1-ஐ வகுத்தால் பிரிதிறன் வரும். 17 முதல் 28 டெஸ்லா என்றால் சுமார் 43 டெஸ்லா. அதைவிட நெருக்கமான இரு முகடுகளைப் பிரித்துவிட்டதாகச் சொல்லக் கூடாது.

10. முதலில் நிறை, பிறகு டிங்கிள்

வரிசை மாறினால் இரண்டும் கெடும், ஏனென்றால் டிங்கிள் கணக்குக்குள் நிறை இருக்கிறது.

நிறைக்கு, வீச்சை வெப்பநிலைக்கு எதிராக வரைந்து வெப்பக் காரணியைப் பொருத்துங்கள். இதில் எந்தப் புல மதிப்பைப் போடுவது? ஜன்னலின் நடுப்புள்ளியை அல்ல, தலைகீழிகளின் சராசரியிலிருந்து வரும் புலத்தை. 30 முதல் 60 டெஸ்லா ஜன்னலுக்கு நடுப்புள்ளி 45, ஆனால் சரியான மதிப்பு 40. தவறான மதிப்பைப் போட்டால் நிறை 12 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். ஜன்னல் அளவு மாறும்போதெல்லாம் நிறையும் மாறுகிறது என்றால், பெரும்பாலும் இதுதான் காரணம்.

இதைச் சரிசெய்த பிறகும் நிறை புலத்தோடு மாறினால் அது உண்மையாக இருக்கலாம். சீரியத் திருப்புத்திறன்கள் உயர் புலத்தில் ஒரே திசைக்குத் திரும்பும்போது தற்சுழற்சி ஏற்ற இறக்கங்கள் அடங்கி, நிறை குறையக்கூடும். எனவே குறுகிய ஜன்னல்களில் தனித்தனியாக நிறையை எடுங்கள்.

டிங்கிள் படத்துக்கு (வீச்சு புலத்தோடு மாறுவதை வரைந்து டிங்கிள் வெப்பநிலையை எடுக்கும் படத்துக்கு) முன்னால் ஒரு சரிபார்ப்பு. நீங்கள் அளந்தது எது? காந்தமாக்கம் என்றால் வீச்சில் புலத்தின் அரை அடுக்கு வரும். திருப்பு விசை என்றால் ஒன்றரை. ஏற்புச் சுருளில் கிடைப்பது காந்தமாக்கத்தின் மாறுவீதம் என்பதால், புல வேகத்தால் வகுத்த பின் எதிர்க்குறி ஒன்றரை. இன்னொருவர் திருப்பு விசைக்கு எழுதிய நிரலைச் சுருள் தரவுக்கு ஓட்டினால், டிங்கிள் வெப்பநிலை பார்வைக்கு நியாயமாகவே இருக்கும், ஆனால் தவறாக இருக்கும்.

வரும் கோடு நேராக இல்லாமல் வளைந்தால், அதை நேர்கோடாகப் பொருத்திவிடாதீர்கள். நிறை புலத்தோடு மாறுகிறது, அல்லது கலவைப் பரவல் கலைக்கிறது, அல்லது இரு அதிர்வெண்கள் ஒன்றோடொன்று துடித்துக்கொள்கின்றன. 3-ஆம் படியில் குறித்த பரவல் எண் இப்போது கைகொடுக்கும்.

11. தற்சுழற்சிகளைத் தனித்தனியாகத் தேடுங்கள்

சாதாரண உலோகத்தில் மேல், கீழ் இரு தற்சுழற்சி எலக்ட்ரான்களும் ஒரே அதிர்வெண்ணில் அலைகின்றன. இரண்டின் குறுக்கீடு ஒரு கொசைன் காரணியாக வீச்சில் சேரும். சீரியம் கூடும்போது கதை மாறுகிறது. இரு தற்சுழற்சிகளின் நிறையும் வேறுபட்டு, கனமானதன் சமிக்ஞை தேய்ந்து, கடைசியில் ஒன்று மட்டுமே மிஞ்சுகிறது. இந்தத் தொடரில் இது காணப்பட்ட விஷயம். அந்த நிலையில் கொசைன் காரணியைப் போட்டு ஜி மதிப்பு (புலத்தில் இரு தற்சுழற்சிகளும் எவ்வளவு பிரிகின்றன என்பதன் அளவு) எடுப்பதற்கு அர்த்தமில்லை. குறுக்கிட ஆளே இல்லை.

அதிர்வெண் இரண்டாகப் பிரிந்து தெரிந்தாலும் அவசரப்பட வேண்டாம். நாம் அளக்கும் அதிர்வெண், அந்தப் புலத்தில் உள்ள உண்மையான பரப்பு அல்ல. பரப்பு புலத்தோடு மாறும் வீதத்தைப் புலத்தால் பெருக்கிக் கழித்த பிறகு வருவதுதான் அளவில் கிடைக்கிறது. தற்சுழற்சிப் பிளவு புலத்துக்கு நேர் விகிதமாக வளர்ந்தால் அது முழுவதும் கழிந்து, ஒரே அதிர்வெண்ணாகவே தெரியும். சீரியத் திருப்புத்திறன்கள் நிறைவடைந்து, அவற்றால் வரும் பிளவு மாறாமல் நின்றுவிட்டால் அந்தப் பகுதி மட்டும் இரு முகடுகளாக வெளிப்படும். இதைப் புதிய ஃபெர்மி பரப்பு என்று எழுதிவிடும் அபாயம் உண்டு. பின்னணித் திருப்பு விசை எந்தப் புலத்தில் நிறைவடைகிறது என்று பார்த்து, பிளவு தொடங்கும் புலத்தோடு ஒப்பிட்டால் தெளிவாகும்.

12. லாந்தனப் பங்குக்கு எதிராக வரையுங்கள், லாந்தன முனையிலிருந்து படியுங்கள்

ஒவ்வொரு எண்ணோடும் துண்டின் அடையாளம், அளந்த லாந்தனப் பங்கும் பரவலும், கோணம், புல ஜன்னல், வெப்பநிலை வரம்பு ஆகியவற்றைச் சேர்த்தே எழுதுங்கள். ஜன்னல் குறிப்பிடாத நிறையை இன்னொருவர் சரிபார்க்க வழியில்லை.

பிறகு அதிர்வெண்ணையும் நிறையையும் லாந்தனப் பங்குக்கு எதிராகத் தனித்தனியே வரையுங்கள். இந்தத் தொடரில் அதிர்வெண்கள் ஏறத்தாழ நகரக் கூடாது, நிறை மட்டும் சீரியத்தோடு ஏற வேண்டும். அதிர்வெண் குறிப்பிடத்தக்க அளவு நகர்ந்தால், கோணப் பிழையை முதலில் பாருங்கள், அடுத்து இண்டியத்தின் இடத்தில் வேறேதும் புகுந்திருக்கிறதா என்று கலவையைத் திரும்பப் பாருங்கள். இண்டியத்தைத் தகரத்தாலோ காட்மியத்தாலோ மாற்றினால் எலக்ட்ரான் எண்ணிக்கையே மாறும், அதிர்வெண் நகர்வது அங்கே இயல்பு.

நிறைப் படத்தில் கண் முதலில் போக வேண்டியது முழு லாந்தனப் புள்ளிக்கு. அங்கே 4எஃப் எலக்ட்ரானும் இல்லை, கனமான நிறையும் இல்லை. ஆற்றல் பட்டைக் கணக்கு தரும் நிறைக்கு மிக அருகில் அது இருக்க வேண்டும். அந்தப் புள்ளி கீழே விழுந்திருந்தால் 7-ஆம் படிக்குத் திரும்பி, துண்டின் சூட்டைச் சரிசெய்யுங்கள். மேலே இருந்தால் 10-ஆம் படியில் சராசரிப் புலத்தைச் சரிபாருங்கள். அது சரியான இடத்தில் உட்காரும்வரை சீரியம் உள்ள துண்டுகளின் எண்களை யாருக்கும் அனுப்ப வேண்டாம்.